கேமரன் மலை: வார நாளில் மலிவு, சனிக்கிழமை தண்டம்

மலேசியாவின் கேமரன் மலைக்குப் பத்துக்கு ஏழு கொடுக்கலாம். திங்கள் இரவு போய் வெள்ளி காலையில் இறங்குபவர்களுக்கு எட்டரை. சனிக்கிழமை மதியம் காரில் ஏறிப் போய் ஞாயிறு மதியம் திரும்புபவர்களுக்கு நாலுகூட அதிகம். மலை அதேதான், அறை அதேதான். கிழமை மாறும்போது அறை வாடகை ஏறுகிறது, பாதி நாள் சாலையிலேயே போய்விடுகிறது. சிங்கப்பூரிலிருந்து குடும்பத்தோடு குளிரான இடத்துக்குப் போய், நடந்து, ஏறி, காடு பார்த்து, கையைக் கடிக்காமல் திரும்ப வேண்டும் என்று நினைப்பவர்கள் முதலில் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். ஹோட்டல் படங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வேறு மலைகள் இல்லையா என்றால், இருக்கின்றன. கெந்திங் கோலாலம்பூருக்குப் பக்கம், கேபிள் காரில் சொகுசாக ஏறலாம். ஆனால் அங்கே நேரம் போவது கட்டடத்துக்குள்தான். காட்டுக்காகப் போகிறவர்களுக்கு அது தோதுப்படாது. ஃபிரேசர் மலை பறவை பார்ப்பவர்களின் சொர்க்கம், ஆனால் சொந்த வண்டி இல்லாமல் போவது கஷ்டம், சாப்பாட்டுக் கடைகளும் குறைவு. சபாவின் குண்டாசாங் அழகில் எல்லாவற்றையும் மிஞ்சும்; நாலு பேருக்கு விமான டிக்கெட் போட்டால் சிக்கனம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பேருந்திலேயே போய்ச் சேரலாம், தங்குமிடத்திலிருந்து நடந்தே காட்டுக்குள் போகலாம், நம் சாப்பாடும் கிடைக்கும் என்ற மூன்றும் சேர்ந்து அமைவது கேமரன் மலையில்தான்.

ஒரே சாலை என்பதை மனத்தில் வையுங்கள்

பகாங் மாநிலத்தில் இருக்கும் இந்த மேட்டுநிலம், 1885இல் இங்கே நில அளவைக்கு வந்த வில்லியம் கேமரனின் பெயரைத் தாங்கியது. ஊர்கள் எல்லாம் ஒரே சாலையில் வரிசையாக இருக்கின்றன. கீழே ரிங்லெட், அதற்கு மேல் சுமார் 1,450 மீட்டர் உயரத்தில் தானா ராத்தா, இன்னும் கொஞ்சம் மேலே பிரிஞ்சாங், பிறகு கியா ஃபார்ம், திரிங்காப், கோலா தெர்லா, கடைசியில் கம்போங் ராஜா. ஊர்களை இணைக்கும் மாற்றுச் சாலை கிடையாது. ஸ்ட்ராபெரி தோட்டங்கள், காய்கறிச் சந்தை, பெரிய அடுக்குமாடி விடுதிகள் எல்லாம் பிரிஞ்சாங்குக்கும் கியா ஃபார்முக்கும் இடையில் நெருக்கியடித்து நிற்கின்றன. சனிக்கிழமை காலை பத்து மணிக்குமேல் அந்தச் சில கிலோமீட்டரைக் கடக்க ஒரு மணி நேரம், சில நாள் அதற்கும் மேல் ஆகும். சாலையோரம் வண்டியை நிறுத்தி முட்டைக்கோஸ் வாங்குபவர்கள், பெரிய சுற்றுலாப் பேருந்துகள், காய்கறி லாரிகள் எல்லாம் ஒரே தடத்தில்தான் வந்தாக வேண்டும்.

மேலே ஏறப் பெரும்பாலோர் எடுக்கும் வழிகள் இரண்டு. தாப்பாவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் பழைய சாலை: தானா ராத்தா வரை சுமார் 60 கிலோமீட்டர், ஓயாத வளைவு, பல இடங்களில் குறுகல். ஈப்போவுக்குத் தெற்கே சிம்பாங் பூலாயில் இறங்கினால் புதிய சாலை: நீளம் கூடுதல், ஆனால் அகலம், வளைவும் மென்மை. புதிய சாலையைத்தான் எல்லாரும் சிபாரிசு செய்வார்கள். வார நாளில் அது சரி. வார இறுதியில் அதில் ஒரு பொறி இருக்கிறது. அந்தச் சாலை கம்போங் ராஜா பக்கமாக உள்ளே வருவதால், தானா ராத்தாவுக்குப் போக கியா ஃபார்ம் நெரிசலை முழுவதும் கடந்தாக வேண்டும். தாப்பா சாலை ரிங்லெட் வழியாக நேராகத் தானா ராத்தாவில் கொண்டுவந்து விடும். தானா ராத்தாவில் அறை எடுத்துவிட்டுச் சனிக்கிழமை போகிறீர்கள் என்றால் வளைவைச் சகித்துக்கொண்டு தாப்பா வழியாகவே ஏறுங்கள். குமட்டல் வரும் பிள்ளைகளுக்கு மாத்திரையைத் தாப்பா வருவதற்கு அரை மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும். வளைவு தொடங்கிய பிறகு கொடுத்தால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும்.

இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள். ஆட்டோ கியர் வண்டியிலும் தாழ்ந்த கியருக்கு மாற்ற வழி இருக்கும். சிங்கப்பூரில் அதற்கு அவசியமே வராததால் பலர் தொட்டுப் பார்த்திருக்கமாட்டார்கள். தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடேறி, மிதி உள்ளே போகும், வண்டி நிற்காது. கருகிய வாசனை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். தண்ணீரை ஊற்ற வேண்டாம்.

காரா, பேருந்தா

ஆறு பேர் போனால் கார் லாபம். நாலு பேருக்கு யோசிக்க வேண்டும், இரண்டு பேருக்குப் பேருந்துதான். சிங்கப்பூர் வண்டிக்கு விஇபி (வெளிநாட்டு வண்டிக்கான நுழைவு அனுமதி) பதிவு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 300 ரிங்கிட் அபராதம் என்பது 2025 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. ஜோகூரில் நுழையும்போது 20 ரிங்கிட் சாலைக் கட்டணம், பிறகு நெடுஞ்சாலைக் கட்டணம் எல்லாம் டச் 'என் கோ அட்டையில் போகும். அட்டையில் பணம் போதாமல் கட்டணச் சாவடியில் மாட்டிக்கொள்வதுதான் வழக்கமான கூத்து. சிங்கப்பூரை விட்டு வெளியேறும்போது முக்கால் டாங்க் பெட்ரோல் இருக்க வேண்டும். மலேசியாவில் ரோன் 95 ரகப் பெட்ரோல் நமக்கு இல்லை, 97 மட்டுமே. கிளம்புமுன் காப்புறுதி நிறுவனத்திடம் ஒரு கேள்வி: பழுதானால் பகாங்கிலிருந்து இழுத்துவரும் செலவு யாருடையது? பல திட்டங்களில் தூர வரம்பு இருக்கும்.

பேருந்தில் போக இரண்டு வழிகள். சிங்கப்பூரிலிருந்து நேராகத் தானா ராத்தாவுக்குப் போகும் இரவுப் பேருந்துகள் உண்டு, பெரும்பாலும் விடுமுறையை ஒட்டி. ஒன்பது, பத்து மணி நேரப் பயணம். விடிவதற்குள் இறக்கிவிட்டுவிடும், அறை கிடைப்பதோ பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு. அந்த இடைவெளியைச் சமாளிக்க, பெட்டியைக் காலையிலேயே வாங்கி வைப்பார்களா, குளிக்க வசதி உண்டா என்று விடுதியிடம் முன்பே கேட்டு, குறுஞ்செய்தியில் பதில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு வழி, கோலாலம்பூர் டிபிஎஸ் முனையம் வரை ஒரு பேருந்து, அங்கிருந்து தானா ராத்தாவுக்கு இன்னொன்று. இரண்டாவதற்கு நாலரை முதல் ஐந்து மணி நேரம், ஆளுக்கு 40 ரிங்கிட்டை ஒட்டிய கட்டணம். மலையேறும் பேருந்தில் முன் வரிசை இருக்கை கிடைத்தால் விடாதீர்கள். பின் வரிசையில் ஒவ்வொரு வளைவும் இரட்டிப்பாகத் தெரியும்.

வயதான அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் ஈப்போவுக்கு விமானத்தில் போய், அமான்ஜெயா முனையத்திலிருந்து பேருந்து பிடிக்கலாம். மலிவு விமான டிக்கெட் வார நாளில் கிடைத்தால், பத்து மணி நேரம் முட்டியை மடக்கி உட்கார்ந்து வருவதைவிட இது மேல்.

எல்லாப் பேருந்துகளுக்கும் பொதுவான எச்சரிக்கை: மலேசியச் சோதனைச் சாவடியில் பெட்டியோடு இறங்கி ஏற வேண்டும். பேருந்தின் எண்ணையும் நிறுத்தும் இடத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் ஒரே நிறத்தில் பத்துப் பேருந்துகள் நிற்கும். கடப்பிதழ் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்கள் மலேசிய மின்னிலக்க வருகை அட்டை நிரப்பத் தேவையில்லை. இந்தியக் கடப்பிதழில் இங்கே வேலை பார்ப்பவர்கள் பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பியே ஆக வேண்டும். குழுவில் ஒருவர் நிரப்பாமல் வந்தால் பேருந்தே காத்திருக்கும், அல்லது காத்திராமல் போய்விடும்.

எங்கே தங்குவது

நடக்கப் போகிறவர்களுக்குத் தானா ராத்தா. இதில் இரண்டாம் பேச்சு இல்லை. பேருந்து முனையம், சாப்பாட்டுக் கடைகள், மருந்துக்கடை, வங்கி இயந்திரம், காட்டுப் பாதைகளின் தொடக்கம் எல்லாம் நடை தூரம். பிரிஞ்சாங்கில் கூட்டமும் சத்தமும் அதிகம். கியா ஃபார்ம் பக்கத்து உயரமான விடுதிகளில் பலகணிக் காட்சி பிரமாதமாக இருக்கும், ஆனால் ஒரு கோப்பி குடிக்கக்கூட வண்டி வேண்டும். மலையில் கிராப் வாடகை வண்டி எப்போதாவது வரும். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

வார நாளில் இருவர் தங்கும் எளிய அறை 80 முதல் 150 ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். இரண்டு படுக்கையறை அடுக்குமாடி வீடு 200இல் தொடங்கும். வெளிநாட்டுக் கடப்பிதழ்க்காரர்களிடம் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி வாங்குவார்கள். இணையத்தில் காட்டும் விலையில் அது பெரும்பாலும் சேர்ந்திருக்காது, முகப்பில் ரொக்கமாகக் கேட்பார்கள்.

அறையில் குளிரூட்டி இல்லையே என்று மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம், தேவையே இல்லை. பார்க்க வேண்டியது ஈரத்தை. மேகம் ஜன்னல் வரை வரும் ஊர் என்பதால் தரைத்தளத்திலும் சரிவை ஒட்டிய பக்கத்திலும் சுவர் வேர்க்கும், மெத்தையில் பூஞ்சை வாடை அடிக்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளை இருந்தால் மேல்தளம், வெயில் படும் பக்கம் என்று கேட்டு வாங்குங்கள். லிஃப்ட் இல்லாத கட்டடங்கள் நிறைய, அதையும் கேளுங்கள். வெந்நீர்ப் பெட்டி சிறியதாக இருந்தால் மூன்றாவது ஆள் குளிக்கும்போது தண்ணீர் சில்லிட்டுவிடும். 15 டிகிரி காலையில் அது சிரிக்கிற விஷயம் இல்லை. அடுக்குமாடி வீடுகளில் இன்னொரு சிக்கல்: ஒரே கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வோர் உரிமையாளர். படத்தில் இருக்கும் வீடும் சாவி கிடைக்கும் வீடும் ஒன்றுதானா என்று வீட்டு எண்ணோடு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். கூடுதல் போர்வை உண்டா என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

காசில்லாமல் கிடைக்கும் காடு

கேமரன் மலையின் மதிப்பே இங்கேதான் இருக்கிறது. ஊரைச் சுற்றி எண் போட்ட காட்டுப் பாதைகள் இருக்கின்றன. பலவற்றுக்குக் கட்டணம் கிடையாது. பலகைகள் சில இடங்களில் அழிந்து போயிருக்கும், ஆகவே பாதை காட்டும் செயலியில் வரைபடத்தை முன்பே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். மரங்களுக்குள் கைப்பேசித் தொடர்பு விட்டுவிட்டுத்தான் வரும்.

சிறு பிள்ளைகளோடு என்றால் நாலாம் பாதை, பாரிட் அருவி வரை. அரை மணி நேர நடை, பெரும்பகுதி சமதளம். அருவியைப் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், மழைக்குப் பிறகு குப்பையும் சேர்ந்து வரும். அடுத்தது ஒன்பதாம் பாதை, ராபின்சன் அருவி. நீர் கொட்டும் சத்தம் பாதையெங்கும் கூடவே வரும். அருவியைப் பார்த்த பிறகு ஒன்பது ஏ பாதையில் இறங்கினால் ஹாபு பக்கம் போகும் சாலையில் முடியும். அங்கிருந்து திரும்ப வண்டிக்கு ஏற்பாடு இல்லையென்றால் வந்த வழியே ஏற வேண்டியதுதான்.

நல்ல உழைப்பு வேண்டும் என்பவர்களுக்குப் பத்தாம் பாதை, ஜாசார் மலை. தானா ராத்தாவிலேயே தொடங்கும். போய்வர இரண்டரை முதல் மூன்று மணி நேரம். சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்று 163 மீட்டர்தான். அதை நிற்காமல் மூன்று தடவை ஏறி இறங்க முடிந்தவர்களுக்கு ஜாசார் சிரமம் தராது. வழுக்கல்தான் எதிரி. செம்மண் களி மழை பெய்தால் சோப்புபோல் ஆகிவிடும், வேரைப் பிடித்துத்தான் இறங்க வேண்டியிருக்கும். ஓடுவதற்கு வாங்கிய தேய்ந்த காலணி இங்கே உதவாது. அடியில் ஆழமான பள்ளம் உள்ளது வேண்டும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், மெல்லிய மழைச்சட்டை, விசில், ஒரு கைவிளக்கு. பெரம்பான் மலைக்கு எட்டாம் பாதை இன்னும் செங்குத்து. அதற்கு முதல் நாளில் கிளம்ப வேண்டாம்.

எங்கே போகிறோம் என்பதை விடுதியில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது வெறும் சம்பிரதாயம் இல்லை. தாய்லாந்துப் பட்டு வணிகத்தில் புகழ்பெற்ற ஜிம் தாம்சன் 1967 மார்ச் 26 அன்று தானா ராத்தாவுக்குப் பக்கத்து பங்களாவிலிருந்து உலாவப் போனார். பெரிய தேடல் நடந்தும் இன்றுவரை தடயம் இல்லை. பாதையை விட்டு இருபது அடி விலகினாலே திசை தெரியாத அடர்த்தி. காலை எட்டுக்குள் கிளம்பி ஒரு மணிக்குள் இறங்கிவிடுங்கள். பள்ளத்தாக்கின் வெப்பக் காற்று மேலேறி மேகமாகி, பிற்பகல் இரண்டு, மூன்று மணிவாக்கில் கொட்டத் தொடங்கும்.

பாசிக்காடு தனிக் கதை. பிரிஞ்சாங் மலை 2,000 மீட்டரைத் தாண்டும் இடத்தில், மரங்கள் ஆள் உயரத்துக்குக் குறுகி, ஓயாத மேகத்தில் நனைந்து, கிளை முழுக்கப் பாசி போர்த்தி நிற்கும். கைப்பிடி வைத்த பலகைப் பாதை இருக்கிறது. ஓரத்தில் குனிந்து பார்த்தால் பாசிக்குள் விரல் அளவு கெண்டிச் செடிகள், மூடி திறந்து பூச்சிக்காகக் காத்திருக்கும். உள்ளே பாதியளவு நீர். பாசியை அழுத்தினால் பஞ்சைப் பிழிந்த மாதிரி தண்ணீர் வடியும் என்பதற்காக எல்லாரும் அழுத்திப் பார்க்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், அது வளரப் பல ஆண்டுகள் ஆகும். மேலே போகும் சாலை குறுகல், குழி அதிகம். சிங்கப்பூர் காரின் அடிப்பாகத்தைச் சோதிக்காமல் லேண்ட் ரோவர் அரைநாள் சுற்றுலாவில் போங்கள். ஆளுக்கு 60 முதல் 100 ரிங்கிட் கேட்பார்கள். பணம் கொடுக்குமுன், பலகைப் பாதை இன்று திறந்திருக்கிறதா, நுழைவுக் கட்டணம் இதில் சேர்த்தியா என்று இரண்டையும் கேளுங்கள். பராமரிப்புக்காக மூடுவது உண்டு. மூடியிருந்தால் சாலையோரப் பாசியைக் காட்டிவிட்டு அதே கட்டணத்தை வாங்குபவர்களும் உண்டு. 2,110 மீட்டர் ஈராவ் மலை அனுபவசாலிகளுக்கு மட்டும்: முழங்கால் சேறு, வனத்துறை அனுமதி, வழிகாட்டி எல்லாம் தேவை.

தேயிலையும் ஸ்ட்ராபெரியும்

போ (BOH) தேயிலை நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் தோட்டத்துக்குப் போவதில் தயக்கமே வேண்டாம். 1929இல் தொடங்கிய நிறுவனம். பள்ளத்தாக்கின்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பலகணியில் தேநீர் குடிக்கலாம், ஆலையில் இலை வாடுவது, உருட்டுவது, நிறம் மாறுவது, உலர்வது எல்லாம் பார்க்கலாம். காற்றில் அடிக்கும் அந்தப் பச்சை வாசனைக்கே போகலாம். திங்கட்கிழமை மூடியிருக்கும். இதைப் பார்க்காமல் திங்களை ஒதுக்கிவைத்துவிட்டு ஏமாறுபவர்கள் வாராவாரம் உண்டு. காலை ஒன்பதை ஒட்டிப் போனால் பலகணியில் இடம் கிடைக்கும், பதினொன்றுக்குப் போனால் வரிசைதான். இந்தச் சரிவுகளைத் திருத்திச் செடி நட்டதில் தமிழ்த் தொழிலாளர்களின் பங்கு பெரிது. இன்று கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் வேறு நாடுகளிலிருந்து வந்தவர்கள்.

ஸ்ட்ராபெரியை நாமே பறிக்கும் தோட்டங்களைத் தாராளமாகத் தவிர்க்கலாம். கடையில் வாங்குவதைவிட விலை அதிகம், பழம் புளிப்பு, குறைந்தபட்ச எடை என்று ஒரு நிபந்தனையும் இருக்கும். பிள்ளைகள் அடம்பிடித்தால் ஒரு தோட்டம் போதும். பட்டாம்பூச்சிப் பண்ணை, தேனீப் பண்ணை வகையறாவுக்கும் அதே தீர்ப்பு.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. தானா ராத்தாவின் பிரதான சாலையில் தோசை, ரொட்டி சானாய், வாழையிலைச் சாப்பாடு எல்லாம் கிடைக்கும். குளிர் இரவுக்கு, மேசையிலேயே சாறு கொதிக்கவைத்து வேகவைத்துச் சாப்பிடும் ஸ்டீம்போட் பொருத்தம். உள்ளூர்க் கீரைகள்தான் அதில் நட்சத்திரம். சைவம் என்றால் சாறு எதில் கொதிக்கிறது என்று கேட்டுவிடுங்கள். ஸ்கோனும் ஸ்ட்ராபெரி ஜாமும் ஒரு தடவைக்குச் சரி.

எப்போது, எவ்வளவு

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மழை குறைவு. நம் மார்ச் பள்ளி விடுமுறை வாரம் அதற்குள் விழுவது நல்லது. ஜூனும் பரவாயில்லை. அக்டோபர், நவம்பரில் மழை உச்சம், தாப்பா சாலையில் மண்சரிவும் நடக்கும். தீபாவளி நீண்ட வார இறுதிக்கு இந்த மலையைப் போடாதீர்கள். சீனப் புத்தாண்டுக்கு வானிலை நன்றாக இருக்கும், விலை நன்றாக இருக்காது.

நாலு பேர் கொண்ட குடும்பம், வார நாளில் மூன்று இரவு, பேருந்துப் பயணம் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். வீடு 600 ரிங்கிட், சுற்றுலா வரி 30, கோலாலம்பூரிலிருந்து மலைக்குப் போய்வர 320, சாப்பாடு 560, லேண்ட் ரோவர் 320, நுழைவுக் கட்டணமும் சில்லறையும் 150. மொத்தம் 1,980 ரிங்கிட். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்குச் சற்று மேல் கிடைக்கும் நிலையில் இது 630 வெள்ளி. சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் இடையிலான பேருந்துக்கு ஆளுக்கு ஒரு வழி 30 வெள்ளி என்று வைத்தால் இன்னொரு 240. ஆக 870 வெள்ளி. இதே பயணத்தைப் பள்ளி விடுமுறைச் சனி ஞாயிறில் வைத்தால் வீட்டு வாடகை மட்டுமே இரண்டு மடங்கைத் தொடும்.

சாமான்களில் தேயிலைதான் வாங்கத் தகுந்தது. சாலையோரத் தேன் புட்டிகளை விட்டுவிடுங்கள், சர்க்கரைப் பாகு எது, தேன் எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஸ்ட்ராபெரி பத்து மணி நேரப் பேருந்தில் கூழாகிவிடும். திரும்பும் நாளை மட்டும் ஞாயிறு மாலையாக வைத்துக்கொள்ளாதீர்கள். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் மூன்று மணி நேரம் நின்றால் மலையில் எடுத்த ஓய்வெல்லாம் அங்கேயே கரைந்துவிடும். வெள்ளி காலை எட்டு மணியை ஒட்டிய பேருந்தில் இறங்கினால், மாலை நெரிசலுக்கு முன் கோலாலம்பூரைத் தாண்டி, இரவுச் சாப்பாட்டை வீட்டை ஒட்டிய கோப்பிக் கடையிலேயே முடிக்கலாம்.